அணைக்க முடியாத உலை

கண்ணாடித் தொழிற்சாலை முதலாளி உலையைப் பற்றவைத்த நாளிலிருந்து அது அணைந்ததில்லை. அணையவும் கூடாது. அணைந்தால் உள்ளே உருகிக் கிடக்கும் கண்ணாடி அப்படியே இறுகி, கோடிகளைக் கொட்டிக் கட்டிய உலை வெறும் பாறையாகிவிடும். அதன் சூட்டுக்குப் பயந்து, கூரைமேல் பெய்ய வந்த மழை பாதி வழியிலேயே ஆவியாகித் திரும்பிப் போனதை ஊரே பார்த்திருக்கிறது.

ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாட்டில் வந்துகொண்டே இருந்தது. கிடங்கு நிறைந்து, வீட்டுக் கூடமும் நிறைந்துவிட்டது. வங்கிக் கடனுக்குத் தவணைதான் கட்ட முடியவில்லை.

ஒருநாள் காலையில் வங்கி மேலாளர் பூட்டும் அரக்குமாக வந்து இறங்கினார்.

"இனிமே இது பேங்க் சொத்து. சாவியக் குடுங்க."

முதலாளி சாவியை நீட்டினார். தொழில் போனால் போகட்டும், உலை சாகக் கூடாது.

"சார், சாயங்காலத்துக்குள்ள எண்ணெய் விடலேன்னா உங்க கோடிக்கு ஒரு பாறாங்கல்லுதான் மிஞ்சும்."

"மிரட்டுறீங்களா?"

"ஐயோ, உங்க பொருளு சார். சொல்லி வச்சேன், அவ்வளவுதான்."

மேலாளர் உலைக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு புருவம் பொசுங்கிப் போனது, விஷயம் விளங்கிவிட்டது. கோட்டைக் கழற்றினார்.

"எண்ணெய் எங்கய்யா இருக்கு?"

அதன்பிறகு வங்கியில் கடன் கேட்டு வந்தவர்களெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆளுக்கொரு வண்டி பாட்டில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வட்டியைக் குறைக்கச் சொன்னவருக்கு இரண்டு வண்டி. கடன் வாங்கிய பற்பசைக்காரர்கூடப் பசையைப் பாட்டிலில் அடைத்து விற்றார். எப்படிப் பிதுக்குவது என்று கேட்டவர்களுக்குக் கூடவே ஒரு கரண்டி கொடுத்தார்.

பாட்டில் விற்ற காசில் பாக்கி தீர்ந்தது என்று ஆள் வந்து சொன்னதும் முதலாளி ஓடினார். உலை தகதகவென்று இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் கரியப்பிய முகத்தோடு மேலாளர். இரண்டு புருவமும் இல்லை.

"வாங்கண்ணே! இந்தாங்க சாவி."

முதலாளி இழுத்தார். மேலாளர் பிடியை விடவில்லை.

"ஒத்த உலையை வச்சுக்கிட்டு நாம என்னண்ணே பண்றது? பக்கத்து இடம் சும்மாத்தான கெடக்கு. இதவிடப் பெரிசா ஒண்ணு போடுவோம். கடன் நான் தர்றேன்."

"ஆளை விடுங்க சார்! முதல்ல வீட்டுக்குப் போய்க் குளிங்க."

"போறேண்ணே. இந்த வரைபடத்த மட்டும் ஒரு பார்வை பாத்துடுங்க."

பார்த்தால் பார்த்ததோடு போகாது என்பது முதலாளிக்குத் தெரியும். தெரிந்தேதான் குனிந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"புகைபோக்கிய இன்னும் கொஞ்சம் ஒசத்தலாம் சார்" என்றார்.