பாசிக்கு ஒரு முகம்

ஒராங்குட்டான் வேஷத்துக்குள் இசக்கிக்கு வியர்வை அருவியாகக் கொட்டியது. குற்றாலத்து அருவியோ நூலாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. இந்த வருஷம் சாரல் ஏமாற்றிவிட்டதில், குளிக்க வந்த கூட்டம் பூராவும் 'அழியும் உயிர்கள்' கண்காட்சிக்குள் புகுந்து, அவன் தோளில் கைபோட்டு செல்ஃபி எடுத்தது.

அவனுடைய ஒரே ஆறுதல் பக்கத்து ஸ்டால். கல்லூரியில் தாவரவியல் நடத்தும் ஜெயசித்ரா அங்கே ஒரு பாறைத்துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாறையின்மேல் தேமல் மாதிரி ஒரு கல்பாசி. அது வாடாமலிருக்க நீர் தூவும் மின்விசிறி. ஸ்டாலுக்கு ஆளே வராததால் அந்தக் காற்றை இசக்கிதான் அனுபவித்துவந்தான்.

கண்காட்சி நடத்தும் நமசிவாயம் வந்தார். "டீச்சர், சாயங்காலத்துக்குள்ள நாலு பேராவது எட்டிப் பாக்கணும். இல்லன்னா இந்த எடத்த பஜ்ஜிக் கடைக்குக் குடுத்துருவேன்."

அவர் போனதும் ஜெயசித்ராவின் கண் கலங்கியது. "நீங்களும் அழிஞ்சுக்கிட்டு வாரீங்க, இதுவும் அழிஞ்சுக்கிட்டு வருது அண்ணாச்சி. ஒங்களுக்கு மூஞ்சி இருக்கு, ஊரே உச்சுக்கொட்டுது. மூஞ்சி இல்லாததுக்கு யாரு அழுவா?"

குரங்கைச் சொல்கிறாளா, அவனையே சொல்கிறாளா என்று இசக்கிக்குப் பிடிபடவில்லை. அவன் முகத்தையும்தான் இங்கே ஒருத்தரும் பார்த்ததில்லை. பாவமாக இருந்தது. அதோடு பாசி போனால் விசிறியும் போகும். பக்கத்தில் எண்ணெய்ச் சட்டி வந்து உட்காரும்.

குரங்குத் தலையைக் கழற்றி, பாறைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல வைத்தான். கூட்டம் தலையைத் தேடி வந்துவிட்டது. ஜெயசித்ரா கிடைத்த வாய்ப்பை விடவில்லை.

"இது ஒண்ணு இல்ல, ரெண்டு உசுரு. ஒண்ணு பூஞ்ச, அது வீடு கட்டும். இன்னொண்ணு பாசி, அது வெயில்ல சமைக்கும்."

"எங்க வீட்டுல ரெண்டையும் நாந்தான் செய்யுதேன்" என்றாள் செங்கோட்டைக்காரி ஒருத்தி.

"பிரியாணிக்குப் போடலாமா?" என்றார் கடையத்துக்காரர்.

"போட்டா ஒங்க பிரியாணியோட இதோட வம்சம் முடிஞ்சுரும்."

அவர் பயந்துபோய்க் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பூதக்கண்ணாடி கைமாறிக் கைமாறிப் போனது. நமசிவாயத்தோடு வந்த பஜ்ஜிக்காரர் அடுப்பை இறக்கிவைத்துவிட்டு வரிசையில் நின்றார். தலையை இப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. இசக்கிக்குச் சுருக்கென்றது, சந்தோஷமாகவும் இருந்தது. இன்னும் கொஞ்சம் காற்று வாங்கலாமென்று விசிறியை ஒட்டி நின்றான்.

செங்கோட்டைக்காரி பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பாசி மறைக்குது."

கழுத்துக்குக் கீழே குரங்கும் மேலே இசக்கியுமாக அவன் புழுக்கத்துக்குள் நகர்ந்தான். விசிறிக்காற்று முழுவதும் பாசிக்குப் போனது.