மாமாவுக்கு எது கேட்கும்

காலை பத்தேகாலுக்கு உமையாள் ஐந்தாவது முறையாக மாமாவை அழைத்தாள். இந்த முறை எடுத்தார்.

"மாமா, அம்மா..."

"தெரியும். பாப்போம்." வைத்துவிட்டார்.

அம்மா கூடத்தில் படுத்திருந்தாள். விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டாள். பெண்ணுக்குக் கடைசிச் சேலை பிறந்த வீட்டிலிருந்து வரவேண்டும். தம்பி மாரிச்செல்வம் கையால்தான் அது வரவேண்டும் என்பது அம்மாவின் ஆசை. மூன்று மணிக்கு எடுப்பதாக ஏற்பாடு. அந்தத் தம்பியோ எட்டு வருடமாக இந்த வாசலை மிதிக்கவில்லை. உமையாளின் சடங்குக்கு அவர் சீராகக் கொண்டுவந்த கிடாயைப் பார்த்து, சித்தப்பா கூத்தையா, "இது என்ன, பூனையா?" என்று கேட்டுவிட்டார்.

இப்போது அதே சித்தப்பா அவள் நோட்டை எட்டிப் பார்த்தார். "இங்கன உக்காந்து என்னத்தா எழுதுற?"

கட்டம் போட்டிருந்தாள். ராமநாதபுரத்தில் லேப் டெக்னீசியன் படிப்பு, மாலை வகுப்பு. கட்டம் போட்டால்தான் அவளுக்கு எதுவும் மண்டையில் ஏறும். போன மாதப் பாடம், கிருமியைக் கண்டுகொள்ளும் வெள்ளணுக்களின் ஏற்பிகள். அன்று அவள் சொல்லச் சொல்ல, அம்மா மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டே கேட்டிருந்தாள்.

"எல்லா வெள்ளணுக்கும் ஒரே ஏற்பி இருக்காதும்மா. பாக்டீரியாவோட மேல்தோலை மோனோசைட்டு நல்லாக் கண்டுக்கும். கிருமியோட டி.என்.ஏ.ன்னா பி செல்லு மாதிரி ரெண்டொண்ணுக்குத்தான் தெரியும். சரியாச் சொல்றேனான்னு சாரைக் கேக்கணும்."

"சரியாத்தான் இருக்கும். நம்ம ஆளுகளும் அப்படித்தான. உங்க சித்தப்பனுக்குச் சோறுன்னா கேக்கும். எந் தம்பிக்கு..." அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, சொல்லாமலே விட்டுவிட்டாள்.

இன்றைய கட்டத்தில் மாமாவுக்கு எதிரே, குரல்பதிவு அனுப்பி அழுதது, கெஞ்சியது, அத்தை மூலம் சொன்னது எல்லாவற்றுக்கும் பெருக்கல் குறிதான். உமையாள் பென்சிலைக் கடித்தாள். பூனையா என்று கேட்ட அன்று மாமா உடனே போய்விடவில்லை. ஒரு மணி நேரத்தில் இரண்டு மடங்கு பெரிய கிடாய் ஒன்றைக் கொண்டுவந்து கட்டிவிட்டுத்தான் போனார்.

"சித்தப்பா, நீங்க பேசுங்க. சேலையை நாமளே எடுத்துட்டோம்னு சொல்லுங்க. எனக்கு உறுதியாத் தெரியல. ஆனா பேசிப் பாருங்க."

"எழவு வீட்ல எனக்கு அடி வாங்கித் தரப் பாக்குற." ஆனாலும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். "ஏலே மாரி, நீ அலைய வேணாம். மதினிக்குச் சேலை எடுத்தாச்சு. நீ எடுத்தா அதுல நூலுதான் இருக்கும், சேலை இருக்காது."

அந்தப் பக்கத்துச் சத்தத்தில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். முகம் மலர்ந்தது.

"கேட்ருச்சுத்தா."

உமையாள் 'சீண்டல்' என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்து, அதில் சரி போட்டாள். ஒரே தடவையை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்று தோன்ற, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டாள்.

பன்னிரண்டு மணிக்குள் திருப்புல்லாணியிலிருந்து மாமாவின் பைக் வந்துவிட்டது. கையில் அரக்கு நிறப் பட்டு, விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

"எங்க மச்சான் நீ எடுத்த சேலை? எடுத்துட்டு வா, பக்கத்துல வச்சுப் பாப்போம்."

"எடுக்கல மாரி."

"பொய்யா சொன்ன?"

"ஓம் மருமக சொல்லச் சொன்னா."

மாமா உமையாளைப் பார்த்தார். உதட்டோரம் எதுவோ வந்து நின்றது. உள்ளே போய் அம்மாவின் மேல் சேலையைப் போர்த்தினார். கால்பக்கம் சரியாக மூடவில்லை. இழுத்துவிட்டார். மறுபடியும் இழுத்துவிட்டார்.

மூன்று மணிக்குப் பாடையின் முன்பக்கம் மாமாவும் சித்தப்பாவும் தோள்கொடுத்தார்கள். மாமா நெட்டை, சித்தப்பா குட்டை. பாடை ஒருபக்கமாகச் சாய்ந்தது.

"அக்கா சரியுது, இறக்குங்க," என்றார் மாமா.

"குனிஞ்சு தூக்கேன்டா, குறைஞ்சா போயிருவ?"

மாமா தன் துண்டை நாலாக மடித்து, சித்தப்பாவின் தோளில் வைத்து அழுத்தினார். மறுபடி தூக்கினார்கள்.

பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். அதற்கப்பால் பாடை மட்டமாகவே போனது.