முதல் பேர்

மருமகள் பெருமாயி உரலில் சாமையைக் குத்திக்கொண்டே, உலக்கைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"பள்ளிக்கோடத்து நோட்டுல மொதப் பேரு பொன்னனுதாமுங்க மாமா. கல்லுக்கட்டு வெள்ளையன் மவன்."

தலைப்பாகை சுற்றிக்கொண்டிருந்த சென்றாயக் கவுண்டரின் கை அப்படியே நின்றது.

மலைமேல் திண்ணனூர் நாட்டில் மாரியம்மன் நோம்பி என்றால் முதல் தாம்பூலம் அவர் வீட்டுக்குத்தான். ஏர் பூட்டினாலும் பந்தக்கால் நட்டாலும் முதலில் அவர் வீட்டுக் கைதான் படும். போர்டு பள்ளிக்கூடத்தின் அரிச்சுவடி வகுப்புக்குக் கொட்டகை போட இடம் கொடுத்தவரும் அவரே. ஆனால் சேர்க்கும் வயதில் அவர் வீட்டில் பையன் இல்லை. இருந்தது பேத்தி கண்ணாயி. பொட்டப்பிள்ளையை எழுத்துக்கு அனுப்பும் வழக்கம் மலையில் எந்த வீட்டிலும் இல்லாததால், அந்த நினைப்பே அவருக்கு வரவில்லை. அதற்குள் காப்பித் தோட்டத்தில் மண் சரியாமல் கல்கட்டு வைக்க அடிவாரத்திலிருந்து வந்த கூலிக்காரர்கள், வேலைக்குத் தொந்தரவில்லாமல் இருக்கட்டும் என்று தங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். போகட்டும், படிக்கட்டும். முதல் பேர் மட்டும் அவருக்கு முள்ளாகத் தைத்தது.

தடியை எடுத்துக்கொண்டு நேரே பள்ளிக்கூடம் போனார். அர்த்தனாரி வாத்தியார் எழுந்து நின்றார். கோரைப்பாயின் ஒரு பக்கம் மலைப் பிள்ளைகள் நாலைந்து பேர், மறுபக்கம் அடிவாரத்துப் பிள்ளைகள் நிறைய. நடுவே ஒரு முழம் வெறும் பாய் கிடந்தது. அங்கே யாரும் உட்காரவில்லை.

"ஏனுங்க வாத்தியாரே, இடம் யாரு குடுத்தது?"

"நீங்கதானுங்க கவுண்டரே."

"அப்ப மொதப் பேரு?"

வந்த வரிசையில் எழுதியதை அழிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று வாத்தியார் பணிவாகச் சொன்னார். பிறகு, கூரையைப் பார்த்துக்கொண்டு சேர்த்துக்கொண்டார்.

"பொட்டப்புள்ளைகளுக்கு நோட்டுல தனிப் பக்கமுங்க. அதுல இன்னும் ஒரு எழுத்து விழலீங்க."

கவுண்டர் வீட்டுக்குத் திரும்பினார். வழியெல்லாம் மிளகுக்கொடிகளைப் பார்த்தபடியே நடந்தார். வேறு எவனாவது தன் மகளைக் கூட்டி வந்துவிட்டால் அந்தப் பக்கமும் போய்விடும். வீட்டு வாசலில் கண்ணாயி எண்ணெய் வழியத் தலைசீவி, நோம்பிக்கு எடுத்த பாவாடையுடன் நின்றாள்.

"சும்மா சீவி உட்டேனுங்க," என்றாள் பெருமாயி.

கவுண்டர் மருமகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேத்தியின் கையைப் பிடித்தார். போகும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"நிமுந்து நில்லு கண்ணு. நம்மூட்டுல ஆரும் எவங்கிட்டயும் தலை சாய்ச்சதில்ல."

வாத்தியார் வயது கேட்டபோது, சாமை அறுப்புக்குப் பிறந்தவள் என்றார் கவுண்டர். எந்த வருசத்துச் சாமை என்பது அவருக்கே தெரியவில்லை. அப்படியானால் வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடட்டும், தொட்டால் வயது சரி, எல்லோருக்கும் அதுதான் என்றார் வாத்தியார்.

கண்ணாயி கையைப் போட்டாள். விறைத்து நின்றாள். விரல்நுனி காதுக்கு மேலே, ஒரு சாமை மணி இடைவெளியில் நின்றுவிட்டது. காதைத் தொட எட்டி எட்டி முயன்றாள். மலைப் பிள்ளைகளும் அடிவாரத்துப் பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள்.

பாயிலிருந்து பொன்னன் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"தலையக் கொஞ்சம் சாய்ச்சுக்க புள்ள. நானும் அப்பிடித்தான் தொட்டேன்."

வாத்தியார் எழுதுகோலை மையில் தோய்த்துக்கொண்டு, எதுவும் காதில் விழாதவர்போல இருந்தார்.

கண்ணாயி சாய்க்கவில்லை. கையைத் தலைமேல் வைத்தபடி தாத்தாவையே பார்த்தாள். கவுண்டர் தடியை ஊன்றி நிமிர்ந்து நின்றார். கொட்டகைக்குள் சிரிப்பு அடங்கியது. வெளியே பலாமரத்தில் காற்று வந்து போனது.

அவருடைய வெள்ளைத் தலைப்பாகை மெல்ல, மிக மெல்ல, வலப்பக்கம் சாய்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கண்ணாயியும் தலையைச் சாய்த்தாள்.