எந்தக் கைக்கும் ஏற்ற கத்தி

தொழிற்சாலையில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டவர் முழுசாக வீடு போய்ச் சேர வேண்டாமா? ஆனால் அன்று காலை அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் வரைந்த மடக்குக் கத்தியின் முதல் மாதிரி பட்டறையிலிருந்து மேசைக்கு வந்திருந்தது.

கையில் எடுத்துப் பார்த்தாள். உள்ளங்கைக்குள் அடங்கியது. சட்டைப்பையில் போட்டால் இருப்பதே தெரியாது. ஈரக் கையோடும் கையுறையோடும் திறப்பதற்காக அலகில் வைத்த ஓட்டை, விரல் வழுக்காமலிருக்கக் கைப்பிடியில் வைத்த வளைவு, எல்லாம் வரைந்தபடியே வந்திருந்தன. கைப்பிடியின் இரண்டு பக்கமும் சின்னதாக ஒரு குமிழ். அதுதான் அவளுடைய பூட்டு. உள்ளே குறுக்காக ஓடும் ஒரு கம்பி, திறந்த அலகை முட்டுக் கொடுத்து நிறுத்தும். குமிழைப் பின்னால் இழுத்தால்தான் கத்தி மடங்கும். எந்தக் கையில் பிடித்தாலும், எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் மடங்காது.

அலகைத் திறந்து குமிழை இழுத்தாள். வரவில்லை. இன்னும் அழுத்தி இழுத்தாள். நகம் வலித்ததுதான் மிச்சம்.

திருப்புளியை எடுத்துக் கைப்பிடியைக் கழற்றினாள். உள்ளே கம்பி இல்லை. கம்பெனி பழைய கத்திகளில் வைக்கும் தகட்டுப் பூட்டுதான் பல்லை இளித்துக்கொண்டு கிடந்தது. இரண்டு குமிழ்களும் வெளியே சும்மா அறைந்து வைத்த பொய்க் குமிழ்கள். கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

அந்தத் தகட்டை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் வீட்டுக்காரர் வயர்மேன். பிறவியிலேயே இடது கைப் பழக்கம். வலது கையில் பிடிப்பவர் அந்தத் தகட்டைக் கட்டைவிரலால் தள்ளிப் பூட்டை விடுவிப்பார். இடது கையில் பிடித்தால் மற்ற விரல்களின் நுனி தானாகவே அதே இடத்தில் போய் உட்காரும். இறுக்கிப் பிடிக்கப் பிடிக்கப் பூட்டு விலகும். போன வருஷம் ஒரு தடித்த வயரின் தோலைச் சீவும்போது, இதே கம்பெனியின் கத்தி அவர் கையிலேயே மடங்கியது. சுட்டுவிரலும் நடுவிரலும் இன்றுவரை மடங்குவதில்லை.

“இடது கையால பிடிச்சா அப்படித்தான் ஆகும். அவர் சரியாப் பிடிக்கல” என்று மேனேஜர் அன்றைக்கே கை கழுவிவிட்டார். அதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். வீட்டுக்காரரும் அதை நம்பிவிட்டாரே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் விரலைப் பார்த்தால் போதும், கேட்பதற்கு முன்பே “நான்தான் சரியாப் பிடிக்கல” என்று ஆரம்பித்துவிடுவார். சட்டைப் பொத்தான் மாட்ட முடியாமல் திணறும்போதும் அதே பாட்டு. அந்தப் பாட்டை நிறுத்தத்தான் இந்தக் கத்தியையே வரைந்தாள்.

மாதிரியைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள்.

“இந்தக் குமிழ் எதுக்கு சார்?”

“அழகுக்குத்தான்மா. பாக்க எவ்வளவு எடுப்பா இருக்கு!”

“பூட்டு எங்க?”

“பழைய பூட்டே நல்லாத்தானே இருக்கு? புதுசுக்கு அச்சு அடிக்கணும்னா மாசக்கணக்கா ஆகும். கடைக்காரங்க இன்னைக்கே வராங்க. இடது கைக்காரங்க ஊருக்கு எத்தனை பேர் இருக்கப் போறாங்க? பழகிக்குவாங்க விடு.”

அவர் மேசையில் புது அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. பளபளவென்று பெரிய எழுத்தில் ‘எந்தக் கைக்கும் ஏற்ற கத்தி’ என்று அச்சடித்திருந்தது. அந்த வாசகமும் அவள் எழுதியதுதான். யார் காதில் பூ சுற்றுகிறார்கள் இவர்கள்? அவள் ஒன்றும் பேசவில்லை. பட்டாசு பேசாமல் போனால் ஏதோ வரப்போகிறது என்று மேனேஜருக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

கூட்டத்துக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். ஒரு கையில் மரக்கட்டை, மறு கையில் திருகி மூடிய அந்த மாதிரி. முதலாளி, மேனேஜர், கணக்கர் மூவரும் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே பெரிய கடைத்தொடர் ஒன்றுக்குச் சரக்கு வாங்கும் அம்மாள். மேனேஜர் அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்த படத்தில் குமிழைக் காட்டி வாய் வலிக்க விளக்கிக்கொண்டிருந்தார்.

“ஒரே ஒரு நிமிஷம் சார்” என்று கட்டையை மேசை நடுவில் வைத்தாள். மாதிரியைத் திறந்து அவர் முன்னால் நீட்டினாள். “இதை இடது கையில நல்லா இறுக்கிப் பிடிச்சு இந்தக் கட்டையில குத்தி அழுத்துங்க. அது போதும்.”

மேனேஜர் கத்தியைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார். “எனக்கு இடது கையில கொஞ்சம் சுளுக்கும்மா” என்றார்.

“காலையில அந்தக் கையாலதானே பெட்டியெல்லாம் தூக்கி அடுக்கினீங்க?”

மேனேஜர் அலகை ஜாக்கிரதையாக மடக்கிக் கணக்கரிடம் தள்ளினார். கணக்கர், “எனக்குக் கணக்குதாங்க தெரியும், கத்தியெல்லாம் தெரியாது” என்று முதலாளி பக்கம் தள்ளினார்.

முதலாளி திறந்தார். இயந்திரத்தில் நின்று வேலை பார்த்து மேலே வந்தவர் அவர். இடது கையில் பிடித்தார். விரல் நுனிக்குக் கீழே தகடு அசைந்ததும் பிடி தானாகத் தளர்ந்தது. கட்டை பக்கம் கையைக் கொண்டுபோகவே இல்லை. மடக்கி அவள் முன்னால் வைத்தார்.

கடை அம்மாள் பெட்டியை எடுத்து, எழுத்து அடியில் போகும்படி கவிழ்த்து வைத்தாள். “நீங்களே பிடிக்க மாட்டேங்கிறீங்க. இதை நான் எங்க கடையில வைக்கணுமா?”

பட்டாசு தன் கைப்பையிலிருந்து இன்னொரு கத்தியை எடுத்தாள். அரத்தால் தானே ராவி ராவிச் செய்தது. பார்வைக்குக் கரடுமுரடு, ஆனால் உள்ளே கம்பி இருந்தது. முதலாளி அதை இடது கையில் பிடித்துக் கட்டையில் குத்தினார். தன் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினார். மேசை ஆடியது. கத்தி மடங்கவில்லை.

“இதுன்னா மேல பேசலாம்” என்று கடை அம்மாள் எழுந்தாள்.

“இதைத்தான் நானும் ஆரம்பத்துலேர்ந்து சொல்லிட்டு இருக்கேன்” என்றார் மேனேஜர். அவள் பார்த்த பார்வையில், கடை அம்மாளை வழியனுப்புகிற சாக்கில் வெளியே நழுவிவிட்டார். கணக்கரும் பின்னாலேயே போனார்.

முதலாளி கட்டையிலிருந்து கத்தியைப் பிடுங்கித் துடைத்தார். “சரிம்மா, உன் பூட்டையே போடலாம். அச்சு அடிக்கச் சொல்றேன். இப்பவாவது கோபம் தீர்ந்துதா?”

“தீரல சார்.”

“இன்னும் என்னம்மா வேணும்? மேனேஜர் சீட்டு வேணுமா?”

“அந்தச் சீட்டு யாருக்கு சார் வேணும்? என் வீட்டுக்காரருக்கு ஒரு போன் போடுங்க. தப்பு கத்தியிலதான்னு உங்க வாயால சொல்லுங்க. நான் தொண்டை கிழியச் சொல்லிட்டேன். நான் சொன்னா, பெண்டாட்டி ஆறுதலுக்குச் சொல்றான்னு நினைக்கிறார்.”

முதலாளி தலை குனிந்து கத்தியைப் பார்த்தார். “ஒரு வருஷமா நான் அவரை ஒரு வார்த்தை விசாரிக்கலையே” என்றார்.

“இப்பதான் தோணுதா சார் உங்களுக்கு?” நாக்கு நுனியில் இன்னும் நிறைய இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தன் போனில் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, மேசை நடுவில் வைத்தாள்.

வீட்டுக்காரர் எடுத்ததும் முதலாளி தான் இன்னார் என்று சொன்னார். “உங்க கை விஷயமா... தப்பு உங்க மேல இல்லங்க. கத்தியிலதான். எங்க மேலதான்.”

“அய்யோ, என்ன சார் நீங்க போய்... நான்தான் சார் சரியாப் பிடிக்கல...”

“கொஞ்சம் வாயை மூடுறீங்களா!” என்று அவள் போட்ட சத்தத்தில் வெளியே நடைகூடத்தில் போய்க்கொண்டிருந்த மேனேஜர் நின்றுவிட்டார். “அவர் சொல்றதைக் காது கொடுத்துக் கேளுங்க!”

போன் கட் ஆகிவிட்டதோ என்று முதலாளி குனிந்து பார்த்தார்.

“அப்போ,” என்றது போன். “அப்போ நான் சரியாத்தான் பிடிச்சிருந்தேனா?”