மூன்றாவது கோல்கீப்பர்

பத்திரிகை அலுவலகத்தில் அவளைக் ‘கறார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கிண்டலாக வைத்த பெயர், பிறகு அதுவே நிலைத்துவிட்டது. ஹாக்கி லீக்கில் பாதி ஆட்டங்கள் முடிந்த நேரம். ஒவ்வொரு இடத்துக்கும் சிறந்த ஐந்து பேரை வரிசைப்படுத்தி நாளுக்கு ஒன்றாகப் போடலாம் என்று விளையாட்டுப் பக்கத்தின் பொறுப்பாசிரியர் முடிவு செய்தார். முதல் நாள் கோல்கீப்பர்கள், அப்புறம் பின்கள வீரர்கள், நடுக்களம், கடைசியில் முன்களம்.

“சார், கோல்கீப்பரை மட்டும் வேற யாருக்காவது குடுங்க. என் தம்பி அதுல இருக்கான்” என்றாள்.

“உன்னைவிட ஹாக்கி தெரிஞ்சவங்க இங்க யாரு இருக்கா? உன் கறாரு ஊருக்கே தெரியும். நீயே போடு.”

வேறு வழியில்லை. பதிவான ஆட்டங்களை மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். தம்பி பாய்ந்து பாய்ந்து தடுக்கிறான், அரங்கமே எழுந்து நிற்கிறது. ஆனால் தடுத்த பந்து எங்கே போகிறது? பாதி நேரம் கோலுக்கு முன்னாலிருக்கும் வட்டத்துக்கு நடுவிலேயே, எதிரணிக்காரனின் மட்டைக்கு முன்னால் போய் விழுகிறது. அவன் வாங்கிய கோல்களில் பல, ஒரு தடவை தடுத்த பந்து திரும்பி வந்து விழுந்தவைதான். இன்னொரு அணியில் ஒருவன் இருந்தான். தூங்குமூஞ்சி என்று பெயர். பாய மாட்டான், கத்த மாட்டான், யாரும் அவனுக்குக் கைதட்டியதில்லை. ஆனால் அவன் காலில் பட்ட பந்து ஒவ்வொன்றும் ஓரக்கோட்டுப் பக்கம் போய்ச் சேர்ந்தது. அவனுக்கு முதலிடம் கொடுத்தாள். எல்லாரும் பெரியவர் என்று கூப்பிடும் மூத்த கோல்கீப்பர் ஒருவருக்கு இரண்டாமிடம். தம்பியை மூன்றில் வைத்தாள். நான்கா மூன்றா என்று நெடுநேரம் தலையைப் பிய்த்துக்கொண்டு, நேர்மையாகப் பார்த்தால் மூன்றுதான் என்று முடிவுக்கு வந்து அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதே அம்மாவிடமிருந்து போன்.

“உனக்கு ஒருவழியா தம்பி மேல பாசம் வந்துச்சே! பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாருக்கும் காட்டிட்டேன்.”

“என்னத்தைக் காட்டினே?”

“ஃபர்ஸ்ட்டுன்னு போட்டிருக்கியே!”

வாயில் நுரையோடு ஓடிப்போய்ப் பேப்பரைப் பிரித்தாள். முதலிடத்தில் தம்பியின் படம், கால்களை விரித்துப் பாய்கிறான். கீழே அவள் எழுதாத வரிகள்: ‘எஃகுச் சுவர்’, ‘இணையற்ற வேகம்’. தூங்குமூஞ்சி மூன்றாமிடத்தில், தபால்தலை அளவுப் படத்தோடு. எல்லாவற்றுக்கும் மேலே அவள் பெயர், கொட்டை எழுத்தில்.

அலுவலகத்தில் பொறுப்பாசிரியர் அவளைப் பார்த்ததும் பரிசு கொடுத்தவர் மாதிரிச் சிரித்தார்.

“தம்பியாச்சேன்னு நாலு பேரு பேசுவாங்கன்னு பயந்து, வேணும்னே கீழே இறக்கிட்டேன்னு எனக்குப் புரிஞ்சுது. பாவம் அந்தப் பையன்! அதான் நான் சரி பண்ணிட்டேன்.”

“நான் பயந்து இறக்கல சார். அவன் மூணாவதுதான்.”

“அப்படித்தான் சொல்லுவே.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“கேட்டா ஒத்துக்குவியா?”

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. திருத்தம் போடுங்கள் என்றாள். ஒன்றும் மூன்றும் இடம் மாறிவிட்டதென்று போட்டால் பத்திரிகை மானம் கப்பலேறும் என்றார் அவர். மீதிப் பட்டியல்களில் என் பெயரைப் போடாதீர்கள் என்றாள். “அவ்வளவுதானே” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டார். அதுதான் அவளை இன்னும் எரித்தது.

மதியம் தம்பியின் பயிற்சி மைதானத்துக்குப் போனாள். அவள் வேலிக் கதவைத் திறந்ததுமே புல்தரையில் நின்ற ஒருவன், “டேய், உன் விளம்பரக் கம்பெனி வந்துடுச்சு!” என்று கத்தினான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தம்பி தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கால் கவசங்கள் தடதடக்க வந்தான். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“ஏன்க்கா இப்படிப் பண்ணே? காலையிலேர்ந்து மானம் போகுது. கோச்சே, ‘முதலிடம் சார் வரலாமா’ங்கறார்.”

“நான் பண்ணலடா. ஆசிரியர் மாத்திட்டார். சண்டை போட்டுட்டுத்தான் வரேன்.”

அவன் முகம் இளகியது. பெருமூச்சு விட்டான். “அதானே பார்த்தேன், நீயாவது அப்படி எழுதறதாவது!” பிறகு கையுறையின் பட்டையை இழுத்துக்கொண்டே கேட்டான். “நீ எங்க போட்டிருந்தே?”

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. “மூணாவது.”

“மூணாவதா?”

“ம்.”

“அந்தத் தூங்குமூஞ்சிக்குக் கீழயா?”

“பெரியவருக்கும் கீழ.”

பொய்யான முதலிடத்துக்குக் கோபித்தவன், உண்மையான மூன்றாமிடத்தைக் கேட்டு அடி வாங்கியவன் மாதிரி நின்றான்.

“நீ நல்லாத் தடுக்கறே. தடுத்த பந்தை நடுவுல விட்டுடறே. போன ஆட்டத்துல ரெண்டாவது கோல்…”

“டிஃபெண்டர் எங்க நின்னான்னு பாத்தியா? உனக்கென்ன, மேல கண்ணாடி ரூம்ல உக்காந்து எழுதிட்டுப் போயிடுவே.”

“நான் சொல்றதைக் கேளுடா…”

“சிரிக்கறாங்களே, அவங்களே தேவலை” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான்.

வாரக் கடைசியில் தம்பியின் அணிக்கு மத்தியான ஆட்டம். பத்திரிகையாளர் அறையில் அவள் உட்கார்ந்திருந்தாள். மற்ற பட்டியல்கள் ‘நமது நிருபர்’ என்ற பெயரில் வந்துகொண்டிருந்தன. இரு அணிகளும் சமமாக இருந்தபோது எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. இடி மாதிரி வந்த பந்தைத் தம்பி இடது பக்கம் பாய்ந்து காலால் உதைத்தான். அரங்கம் எழுந்தது. பந்து வட்டத்தின் நடுவில் போய் நின்றது. ஓடி வந்தவன் அதைத் தட்டி உள்ளே அனுப்பினான். ஆட்டம் அதோடு போயிற்று.

சொன்னது பலித்த திருப்தி கொஞ்சமும் வரவில்லை. கீழே தம்பி வலைக்கு முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தான்.

போன் அடித்தது. அம்மா. “எல்லாம் உன்னாலதான். ஃபர்ஸ்ட்டு ஃபர்ஸ்ட்டுன்னு போட்டே, ஊர்க் கண்ணெல்லாம் பட்டுடுச்சு.”

“சரிம்மா” என்றாள்.

ஆட்ட விவரத்தை எழுதினாள். ‘கோல்கீப்பர் அருமையாகத் தடுத்த பந்து வட்டத்தின் நடுவே சென்றதே தோல்விக்கு வழிவகுத்தது’ என்ற வரியை எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். பிறகு அலுவலகம் போய், பக்கம் வடிவமைப்பவரின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, பக்கம் அச்சுக்குப் போகும்வரை அசையாமல் உட்கார்ந்தாள். பொறுப்பாசிரியர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இந்த முறை அவள் பெயர் அவள் எழுதியதற்கு மேலேயே வந்தது.

அடுத்த நாள் தம்பியிடமிருந்து போனில் ஒரே ஒரு வார்த்தை வந்தது: ‘படிச்சேன்.’

கோபமா, சமாதானமா, ஒத்துக்கொண்டானா, உறவை முறித்துக்கொண்டானா? ஒன்றும் பிடிபடவில்லை. ‘என்னடா அர்த்தம்?’ என்று கேட்டு அனுப்பினாள். அவன் அதையும் படித்துவிட்டதாகப் போன் காட்டியது, பதில்தான் வரவில்லை.