ஒரு நாளைக்கு ஆகும்

மேற்கு அறைக் கதவை முதுகால் மறைத்தபடி நின்றிருந்தார் வேல்பாண்டி. கூடத்தில் அவர் மனைவி கஸ்தூரியம்மாளின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்ட ஆளுக்கொரு குடம் தண்ணீராக நீர்மாலை எடுத்துவரப் பங்காளி வீட்டுப் பெண்கள் ஒன்பது பேர் வாசலில் காத்திருந்தார்கள். வீட்டுப் புழக்கத்தில் இருந்ததோ இரண்டே குடம்.

“அண்ணே, பொம்பளைக வெயில்ல நிக்கிறாக. அடுத்த தெருவுல ஏழு குடம் கேட்டு வாங்கியாரவா?” என்றான் தம்பி சின்னக்கருப்பு.

“அடுத்த வீட்டுக் குடத்துத் தண்ணி எம் பொண்டாட்டி மேல விழுகக் கூடாதுலே.”

“அப்ப அந்த ரூமத் தொறங்க.”

ஊர் பார்த்துச் சிரிக்குமென்று, அவள் வாங்கிச் சேர்த்ததையெல்லாம் உள்ளே போட்டுப் பதினான்கு வருடமாக அவர் பூட்டி வைத்திருந்த அறை. கம்பத்துக் கடைவீதியில் கஸ்தூரி சாமானைப் பார்க்க மாட்டாள், சாமானோடு இலவசமாக வருவதைத்தான் பார்ப்பாள். டம்ளருக்காகத் தேயிலை, வாளிக்காகச் சோப்புத்தூள். ஒருமுறை வைகை அணை பார்க்கப் போனார்கள். எல்லோரும் தண்ணீரைப் பார்க்க, அவள் ரோட்டோரத்தில் எவர்சில்வர் குடத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். திரும்பும் பஸ்ஸில் மடியில் குடத்தோடு அவள் சிரித்துக்கொண்டே வர, அவர் யாரோ போல முன் சீட்டில் விறைப்பாக உட்கார்ந்துவந்தார். இறங்கியதும் திட்டினார்.

“கெடந்துட்டுப் போகுது. ஒரு நாளைக்கு ஆகும்” என்றாள். எப்போதும் அதையேதான் சொல்வாள்.

மகள் ஹேமாவதி அருகில் வந்து கையை நீட்டினாள். இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு விலகி நின்றார்.

கதவு திறந்ததும் வாளிகள் சரிந்து கூடம்வரை உருண்டன. எட்டிப் பார்த்தவர்களில் ஒருத்தி, “அடியாத்தி, கடையவே வச்சிருந்திருக்காகளே” என்றாள். வேல்பாண்டி தலையைத் தாழ்த்தவில்லை.

சுவரோரம், கயிற்றால் ஒன்றாகக் கட்டிய குடங்கள். ஒட்டிய லேபிள்கூடப் பிய்க்கவில்லை. ஹேமாவதி எண்ணினாள். ஒன்பது.

அவர் மறுபடி எண்ணினார்.

முப்பது வருடத்துக்கு முன் அவர் அப்பாவின் சாவுக்கு இரவல் வாங்கியதும் ஒன்பதுதான். பிணம் எடுக்கும் முன்பே குடத்துக்காரர் வாசலில் வந்து நின்று, எல்லோர் முன்னாலும் தன் குடங்களை எண்ணிக்கொண்டு போனார். இனி இந்த வீட்டுச் சாவுக்கு ஒரு சொம்புகூட வெளியிலிருந்து வரக் கூடாது என்று அன்று வேல்பாண்டி கஸ்தூரியிடம் கத்தினார்.

“அண்ணே, எடுக்கட்டுமா?”

“எடு” என்றார்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வரும் வழியில் ரசூலின் மளிகைக் கடையில் நின்றார். வீட்டில் தேயிலை தீர்ந்திருந்தது. அவர் கேட்டதும் ரசூல் எழுந்து நின்று, சாதாப் பாக்கெட்டை எடுத்தான்.

“டம்ளர் வச்சது இல்லையாப்பா?”

ரசூல் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தான்.

“மேல இருக்கு மாமா” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினான்.