வில் வைக்கும் முன் ஒரு மூச்சு

ஞாயிற்றுக்கிழமை மதியமானால் அந்த வீட்டில் பந்தயம் தொடங்கிவிடும். கணவர் ஒலிப்பதிவு ஸ்டூடியோ வைத்திருப்பவர். வீட்டிலிருந்த இசைத்தட்டுகளை எல்லாம் அட்டை தெரியாதபடி வெள்ளை உறைகளில் போட்டுப் பெட்டியில் அடுக்கியிருந்தார். கைக்கு வந்ததை உருவிப் போடுவார். எது என்று அவருக்கே தெரியாது. மனைவி கண்ணை மூடிக்கொண்டு எத்தனை பேர், எப்படிப்பட்ட இடம், எவர் கை ஓங்கியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் தட்டின் நடுவில் ஒட்டியிருப்பதைப் படிக்கலாம். அவள் தோற்றதாகச் சரித்திரமே கிடையாது. பாம்புச் செவி!

அன்றைக்கு முதலில் வந்தது பெரிய ஆர்கெஸ்ட்ரா.

"எண்பது பேராவது இருப்பாங்க. மரத்தரை மண்டபம். ஹார்ன் வாசிக்கிறவருக்கு ஜலதோஷம்."

அவர் சிரித்து மாளவில்லை. அடுத்தது பித்தளை வாத்தியக் குழு. திறந்தவெளியில் பதிந்தது என்று கண்டுபிடித்தாள். மூன்றாவது, வெறும் அக்கார்டியன்கள்.

"இதுல ஒரு ஆள் எப்பவும் முந்துறார். இவர வச்சிக்கிட்டு வீட்டுல எப்படித்தான் காலம் தள்ளுறாங்களோ!"

இந்தக் குத்தல் பேச்சு அவளுக்குக் கூடவே பிறந்தது. அவள் வாசிப்பது வயோலா, வயலினைவிடச் சற்றுப் பெரியது. தங்கை சிட்டு, காலிடையில் நிறுத்தி வில்லால் வாசிக்கும் செல்லோ; இரண்டு சிநேகிதிகள் வயலின். நால்வருமாகப் பல வருடம் வாசித்தார்கள். போன வருடம் சிட்டுவுக்கு மணிக்கட்டு வலி வந்து எல்லாம் நின்றுபோயிற்று. அக்காக்காரி சும்மா இருப்பாளா? தைலம் தேய்த்தாள், ஒத்தடம் கொடுத்தாள், தங்கை வீட்டுத் துணியைக்கூடத் துவைத்துக் கொடுத்தாள். வலி விட்டதும் மறுபடி தொடங்கிவிடலாம் என்று தன் பகுதியைத் தினமும் தனியாக உட்கார்ந்து வாசித்துவந்தாள். அந்த ஒரு நம்பிக்கையில்தான் அவளுடைய நாள் ஓடிக்கொண்டிருந்தது.

நாலாவது தட்டு சுழன்றது. வயலின் ஒன்று தனியாகத் தொடங்கிற்று. பிறகு இன்னொன்று சேர்ந்தது. செல்லோ நுழைவதற்குச் சற்று முன்னால், மூக்கால் இழுத்த ஒரு மூச்சு கேட்டது. நடுவில் சின்ன விக்கலோடு.

அவளுக்குப் பகீரென்றது. சின்ன வயதில் ஒரே கட்டிலில் படுத்து ராத்திரியெல்லாம் கேட்ட மூச்சு அது.

கணவர் விருட்டென்று எழுந்து ஊசியைத் தூக்கப் போனார்.

"இருங்க. நான் இன்னும் சொல்லலியே."

கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "நாலு பேர். சின்ன அறை, சுவரெல்லாம் கம்பளம். ஜன்னல் பக்கம் ஒரு பலகை கிறீச்சுங்குது. இந்த மழையில ஊறின பலகை. உங்க ஸ்டூடியோல அத மாத்துங்கன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேனே."

"இந்தத் தட்டு எப்படி இங்க..."

"உங்க பையில கிடந்துச்சு. வெள்ளை உறைதானேன்னு நேத்து நான்தான் பெட்டியில சொருகினேன். செல்லோ யாருன்னு சொல்லட்டுமா?"

"வேணாம்மா."

"வயோலா யாரு? அது ஒண்ணுதான் தெரியல."

"புதுப் பொண்ணு." அவர் தரையைப் பார்த்தார். "நீ நாலு ஸ்வரத்துக்கு ஒருதடவ நிறுத்துவ. அது தப்பு, இது நொட்டைன்னு. அவங்களால முடியல. உன்கிட்ட நேரா சொல்ல யாருக்கும் தைரியம் வரல. சிட்டுதான் கைவலின்னு சொல்லிடறேன்னா."

"உங்களுக்கும் வரல."

அவர் தட்டின் வெள்ளை உறையை எடுத்து மடித்தார்.

 எங்கோ இருக்கிறவனின் ஜலதோஷம் கேட்ட அவள் காதுக்கு, பக்கத்திலேயே ஒரு வருடமாகச் சொன்ன பொய் கேட்கவில்லையே! நன்றாகத் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார்கள். அதுவும் யார்? கூடப் பிறந்தவளும் கட்டிக்கொண்டவரும். துரோகிகள். இன்னொன்றுதான் அவளைப் போட்டு அறுத்தது. அந்தப் புதுப் பொண்ணு நன்றாக வாசித்தாள். எங்கே நிறுத்தலாம் என்று பார்த்தால் ஓர் இடம்கூட இல்லை.

அழைப்புமணி அடித்தது. ஞாயிறு தவறாமல் சாப்பிட வரும் சிட்டு, மணிக்கட்டில் துணிக்கட்டோடு உள்ளே வந்தாள்.

"அக்கா, தைலம் சுட வச்சிட்டியா? இன்னிக்கு வலி கொஞ்சம் ஜாஸ்திதான்."

கணவர் ஜாடை காட்டப் பார்த்தார். அவள் குறுக்கே நின்று மறைத்தபடி தங்கையை நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"வைக்கிறேன். முதல்ல கண்ண மூடு. இன்னிக்கு உன் முறை. எத்தன பேருன்னு சொல்லு பாப்போம்."

"எனக்கா? உன் காது எனக்கு வருமா?" என்று சிரித்துக்கொண்டே சிட்டு கண்ணை மூடினாள்.

தட்டு முதலிலிருந்து ஓடிற்று. ஒரு வயலின். இன்னொரு வயலின். அக்கா தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிட்டுவின் சிரிப்பு மெல்ல வற்றியது. ஆனாலும் பல வருடப் பழக்கம் சொன்ன பேச்சைக் கேட்குமா? செல்லோ நுழையும் இடம் வந்ததும் தட்டிலிருந்து ஒரு மூச்சும் நாற்காலியிலிருந்து ஒரு மூச்சும் ஒன்றாக எழுந்தன. விக்கல்கூடப் பிசகவில்லை. கட்டுப் போட்ட கை வில்லைப் பிடிப்பதுபோலத் தானாக உயர்ந்து அப்படியே நின்றது.

"நல்லாத்தான் வாசிச்சிருக்க," என்றாள் அக்கா. "கட்ட அவுத்துடு. புழுங்கும்."